நானே கேட்டாலும் கொடுக்காதீர்கள்

லேத்ரப் துப்பாக்கிக் கம்பெனியில், பழுதுபார்க்க வந்து சேரும் துப்பாக்கிகளை வைக்கும் அறைக்குக் கூண்டு என்று பெயர். நாலு பக்கமும் கம்பிவலை, ஒரு மேசை, ஒரு தராசு, சுவர் நெடுக மரத் தாங்கிகள். அந்தக் கூண்டுக்குள் லோர்னா பிசெட் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தாள். பார்சலைப் பிரிப்பாள், வரிசை எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவாள், கூடவே வந்த கடிதத்தைப் படிப்பாள், துப்பாக்கியை உள்ளே தொழிலாளிகளிடம் அனுப்புவாள். சரியாகி வந்ததும் பெட்டியில் கட்டி வீட்டுக்கு அனுப்புவாள். அவ்வளவுதான் வேலை. அவள் ஒரு தடவைகூடத் துப்பாக்கி சுட்டதில்லை. கேட்டவர்களிடம், மருந்துக் கடையில் இருப்பவன் எல்லா மருந்தையும் குடித்தா பார்க்கிறான் என்பாள்.

அவளுக்குப் பிடித்தது கடிதங்கள். லேத்ரப் லீவர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் அதைப் பற்றி நாய்க்குட்டியைப் பற்றி எழுதுவதுபோல எழுதுவார்கள். விசைக்குக் கீழே இருக்கும் லீவர் என்ற வளையத்தைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் தோட்டா ஏறும். அந்த இரட்டைச் சத்தம் முன்போல இல்லை, நனைந்த மாதிரி கேட்கிறது என்று மொன்டானாவிலிருந்து ஒரு பல் டாக்டர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். லோர்னா மூன்று பக்கத்தையும் படித்தாள். அவள் கணவன் ரே, தச்சு வேலைக்கு என்று ஃப்ளோரிடா போனவன், அங்கேயே வேறு ஒருத்தியோடு தங்கிவிட்டான். மகள் டென்வரில். கனெக்டிகட் ஆற்றங்கரையில் ஹேடன் ஃபெரி என்ற அந்தச் சின்ன ஊரில், ரொட்டிக்கடை மாடியில், லோர்னா தனியாக இருந்தாள்.

கம்பெனி கெட்டுப்போனது ஒரே நாளில் அல்ல. நியூயார்க்கிலிருந்து முதலீட்டுக்காரர்கள் வந்து வாங்கினார்கள். பழைய ஆட்களை அனுப்பிவிட்டு, பாதி சம்பளத்துக்கு வந்தவர்களை உட்காரவைத்தார்கள். கோணலாகப் பொருத்திய குறிபார்க்கும் முனைகளோடும், கையில் எடுத்ததும் கழன்று விழும் திருகுகளோடும் ரைஃபிள்கள் வெளியே போயின. போன வேகத்தில் திரும்பி வந்தன. கடைசி இரண்டு வருடம் கூண்டில் நடக்க இடமில்லை. 2018 கோடையில் கம்பெனி திவாலாயிற்று. செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்து ஓர்ஸ்பி கம்பெனி, மூன்று தலைமுறையாகக் கைத்துப்பாக்கி செய்பவர்கள், நீதிமன்ற ஏலத்தில் லேத்ரப் என்ற பெயரையும் வரைபடங்களையும் இயந்திரங்களையும் எடுத்துக்கொண்டார்கள். கட்டடம் வேண்டாம், ஆட்கள் வேண்டாம் என்றார்கள்.

பார்சல் கட்டும் ஸ்டாஷ் வொய்சிக், லோர்னாவின் மேசைமேல் டோனட் பையை வைத்துவிட்டுச் சொன்னான்: "பேரை வாங்கினான், ஆணியை வாங்கினான், கக்கூஸ் கதவைக்கூட கழட்டிக்கிட்டுப் போறான். நம்மளை மட்டும் இலவசமா கொடுத்தாலும் வேணாம்னுட்டான் பாரு."

"உன்னைப் பாத்தான்ல, அதான்," என்றாள் லோர்னா.

ஓர்ஸ்பியிலிருந்து வந்தவர் டேல் பர்விஸ். நாற்பதைத் தாண்டிய, உயரமான, மெதுவாகப் பேசும் பொறியாளர். யாரைக் கூப்பிட்டாலும் மேடம், சார். முதல் நாளே தாங்கியிலிருந்து ஒரு பழைய ரைஃபிளை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு லீவரை இழுத்துத் தள்ளிக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். இதை இப்படிச் செய்துகொண்டிருந்தவர்கள் எப்படி அப்படிச் செய்யப் போனார்கள் என்று வருத்தமாகக் கேட்டார். லோர்னாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர் அவளிடம் கேட்டது ஒன்றுதான். கூண்டைக் காலி செய்ய வேண்டும். அரசாங்கச் சட்டப்படி, பழுதுக்கு வந்த ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பதிவேட்டில் வரவு இருப்பதுபோலப் போக்கும் இருக்க வேண்டும். ஒன்று விடாமல் உரியவர் கைக்குப் போன பிறகுதான் ஓர்ஸ்பி தன் பதிவேட்டைத் திறக்க முடியும். தாங்கிகளில் எண்பத்து மூன்று இருந்தன. அக்டோபர் முடிவதற்குள் லோர்னா எண்பத்து இரண்டை அனுப்பிவிட்டாள்.

எண்பத்து மூன்றாவது, மூலையில் மேல் தாங்கியில், விசையில் சிவப்புத் துணி கட்டிக் கிடந்தது. எவரெட் க்ரோவல், மார்லோ நாட்ச், வெர்மான்ட். 1988 அக்டோபரில் வந்தது. பழுது என்ற கட்டத்தில் அவளுக்கு முன்பு கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஓப்ரெக்ட், ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தார். கூடவே வந்த கடிதம் ஒரு தாளில் நாலே வரி.

"இந்தத் துப்பாக்கியில் குறை எதுவும் இல்லை. இது என் வீட்டில் இருக்கக் கூடாது. விற்க மனமில்லை, இன்னொருவன் கைக்குப் போகவும் கூடாது. தயவுசெய்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நானே கேட்டாலும் கொடுக்காதீர்கள்."

அடுத்த வருடம் நவம்பரில், மான் வேட்டைக் காலம் தொடங்கிய வாரம், அதே கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. "என் துப்பாக்கி இந்நேரம் சரியாகியிருக்கும். அனுப்பிவையுங்கள்." கீழே எவரெட் க்ரோவல். ஓப்ரெக்ட் அதைக் கோப்பில் போட்டார், பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு நவம்பரிலும் வந்தது. சில வருடம் கழித்து வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகும்போது ஓப்ரெக்ட் லோர்னாவிடம், எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள், அந்தச் சிவப்புத் துணியை மட்டும் அவிழ்க்காதே, அந்த மனிதன் தெளிவாக இருந்தபோது சொன்னது அந்த முதல் கடிதம் என்றார்.

லோர்னாவும் அப்படியே செய்தாள். நவம்பர் வரும், கடிதம் வரும், கோப்பில் போடுவாள். எந்த மாற்றமும் இல்லாத அதே இரண்டு வரி. ஒரே ஒரு தடவை, 2010இல், எழுத்து ரொம்ப மோசமாக இருந்தது. பேனாவைக் குத்திக் குத்தி எழுதியதில் தாள் கிழிந்திருந்தது; எழுத்துகள் சிறு குழந்தை எழுதியவைபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பாவம், பக்கவாதம் வந்திருக்கும் என்று நினைத்தாள். அடுத்தடுத்த வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி மறுபடி பழைய கையெழுத்தே ஆனது. உடம்பு சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

இன்னொன்றும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நவம்பரில் ஏதாவது ஒரு காலை, கூண்டைத் திறக்கும்போது அந்தத் துப்பாக்கியின் லீவர் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். தோட்டா இல்லாத வெறும் துப்பாக்கி. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு லீவரை மேலே தள்ளி மூடுவாள். மற்ற பதினொரு மாதம் அந்த ஸ்பிரிங் தளர்வதில்லை.

பர்விஸ் கோப்பை முழுக்கப் படித்தார். முதல் கடிதம் அந்த மனிதரின் விருப்பம், ஆனால் அதற்குப் பிறகு இருபத்தொன்பது தடவை கேட்டிருக்கிறார், பொருள் அவருடையது, தராமல் இருக்க நமக்கு என்ன உரிமை என்று பணிவாகக் கேட்டார். லோர்னா எவரெட்டின் விலாசத்துக்கு, அனுப்பப் போகிறோம் என்று பதிவுத் தபாலில் எழுதினாள். அந்தத் தபால் பத்து நாளில் திரும்பி வந்தது. அப்படி ஒரு வீடு இல்லை என்று முத்திரை குத்தியிருந்தது.

மார்லோ நாட்ச் ஊர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்த பெண்மணி, எவரெட் க்ரோவலா என்று ஒரு முறை கேட்டாள். எவரெட் இறந்து முப்பது வருடம் ஆகிறது என்றாள். 1988 நவம்பர். அந்த வீடும் நாலு வருடம் முன்பு பனி பாரம் தாங்காமல் இடிந்துவிட்டது, அந்தச் சாலையில் இப்போது யாரும் இல்லை. மனைவி மியூரியல் மட்டும் இருக்கிறார், செயின்ட் ஆல்டன் முதியோர் இல்லத்தில், வயது எண்பத்தெட்டு.

லோர்னா போனை வைத்துவிட்டு இருபத்தொன்பது கடிதங்களையும் மேசைமேல் பரப்பினாள். ஒவ்வொரு உறையிலும் மார்லோ நாட்ச் தபால் முத்திரை இருந்தது. சரி, மனைவிதான் எழுதியிருக்கிறார் என்று முடிவுக்கு வந்தாள். ஆனால் முதல் கடிதமும் அதே கையெழுத்து. அது எவரெட் உயிரோடு இருந்தபோது எழுதியது. அதைத் தாண்டி யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து போய்க் காப்பி போட்டுக் குடித்தாள்.

நவம்பர் இரண்டாம் வாரம் பர்விஸ் ஜார்ஜியாவுக்குப் போயிருந்தார். இயந்திரங்களை இறக்குவதற்காக அங்கே ஒரு புதுக் கொட்டகை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே, வேர்க்கடலை வயலுக்கு நடுவில். இன்னும் பெயர்ப் பலகைகூட வைக்கவில்லை. செய்தித்தாளுக்கும் சொல்லவில்லை. அங்கேயிருந்து அவர் போன் செய்தார். வழக்கமான நிதானம் குரலில் இல்லை.

"மேடம், நீங்க அந்த வெர்மான்ட் ஆளுக்கு இந்த விலாசத்தைக் கொடுத்தீங்களா?"

"எனக்கே அந்த விலாசம் தெரியாதே, மிஸ்டர் பர்விஸ்."

"இங்க தபால்பெட்டி நேத்துதான் நட்டாங்க. இன்னைக்குக் காலையில அதுல ஒரே ஒரு கடிதம். கொட்டகை நம்பரோட, சரியான விலாசம்." அவர் மூச்சு விடுவது கேட்டது. "நான் படிக்கிறேன் கேளுங்க. 'அது இப்போது உங்களிடம் இருப்பதாகத் தெரிகிறது. அனுப்பிவையுங்கள்.' அவ்வளவுதான்."

அந்தக் கடிதம் விரைவுத் தபாலில் ஹேடன் ஃபெரி வந்து சேர்ந்தது. கையெழுத்தை லோர்னா பார்த்த உடனே தெரிந்துகொண்டாள். அன்று மாலையே முதியோர் இல்லத்துக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை வரலாமா என்று கேட்டாள். மியூரியலிடம் கேட்டுச் சொன்னார்கள்: வரச் சொல்லுங்கள், அதையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

பர்விஸ் எழுத்தில் அனுமதி கொடுத்தார். லோர்னா துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து, பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, கம்பெனி வண்டியின் பின்னால் ஏற்றினாள். ஸ்டாஷ் ஏற்றிவிட்டு, நானும் வரட்டுமா என்று கேட்டான். மூன்றரை மணி நேரம் உன் பேச்சைக் கேட்பதற்குப் பதில் நான் தனியாகவே போகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆற்றை ஒட்டி வடக்கே போகப் போக இலையெல்லாம் கொட்டிய மரங்கள், பிறகு தரையில் பனி, பிறகு மரங்களிலும் பனி. வழியெல்லாம் ஆரஞ்சுச் சட்டை போட்ட வேட்டைக்காரர்களின் வண்டிகள். ஒரு பெட்ரோல் பங்கில் மான் எடை பார்க்கும் கொக்கியைச் சுற்றி நாலு பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பங்கைத் தாண்டி நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பியதும், வண்டியின் பின்பக்கத்திலிருந்து அந்த இரட்டைச் சத்தம் கேட்டது. இழுத்து, தள்ளி. இருபத்திரண்டு வருடம் தினமும் கேட்ட சத்தம், வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. லோர்னா வானொலியைச் சத்தமாக வைத்தாள். இரண்டு மைல் கழித்து, பாட்டுக்கு நடுவே, மறுபடி கேட்டது. அவள் வண்டியை நிறுத்திப் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் மேலே போக மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

மியூரியல் க்ரோவல் ஜன்னலுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பின்னல் போர்வை. வெள்ளை முடியை இழுத்துக் கட்டியிருந்தார். லோர்னா தன்னைச் சொல்லிக்கொண்டதும், முதலில் கேட்டது சாப்பிட்டாயா என்பதுதான். மதியத்துக்கு அவரைக்காய் விதைச் சூப் இருக்கிறது, உப்பே இருக்காது, ஆனாலும் சூடாக இருக்கும் என்றார். அப்புறம் பெட்டியைப் பார்த்தார்.

"அதைத் திறக்காதே பொண்ணு. அங்கேயே கதவுகிட்ட வை."

முதல் கடிதத்தை லோர்னா காட்டினாள்.

"நான் எழுதினது," என்றார் மியூரியல். "அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எவரெட்டுக்கு எழுத வராது. எட்டு வயசுல மாட்டுத் தொழுவ வேலைக்குப் போனவர். கையெழுத்துப் போடற இடத்துல ஒரு பெருக்கல் குறி போடுவார், அவ்வளவுதான். வெளிய யாருக்கும் தெரியாது. வெக்கம்."

பிறகு நடந்ததை அவர் அவசரமில்லாமல் சொன்னார். எவரெட்டின் தம்பி லைல். பிரம்மச்சாரி, அவர்களோடுதான் இருந்தான். 1986 நவம்பரில் ஒரு காலை சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையோடு வேட்டைக்குப் போனான். திரும்பவில்லை. ஊரே பன்னிரண்டு நாள் தேடியது. ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் நவம்பரில், வயலைத் தாண்டிக் காட்டோரத்தில் ஒரு மான் நிற்பதைப் பார்த்து எவரெட் சமையலறை வாசலிலிருந்தே குறி வைத்தார். விசையில் விரல் இருக்கிறது. குறிக்குள் தெரிந்தது லைலின் முகம். வீட்டைப் பார்த்தபடி சும்மா நின்றுகொண்டிருந்தான். துப்பாக்கியை இறக்கிவிட்டுப் பார்த்தால் அங்கே மானும் இல்லை, ஆளும் இல்லை. அதற்கப்புறம் அடிக்கடி தெரிந்தான். எவரெட்டுக்கு ஒரே பயம். என்றாவது ஒரு நாள் மான் என்று நினைத்து என் தம்பியைச் சுட்டுவிடுவேன் என்பார். அடுத்த நவம்பர் வருவதற்கு முன்னால் துப்பாக்கியைக் கம்பெனிக்கே அனுப்பிவிட்டார்.

"அனுப்பி மூணு வாரம். ஒரு காலையில காப்பிக் கோப்பையை மேசைமேல வச்சிட்டு, வெளிய லைல் நிக்கறான், என்ன வேணும்னு கேட்டுட்டு வரேன்னு போனார். கோட்டுகூட போடலை. அந்தக் காட்டோரத்துல ஒரு மரத்துல சாஞ்சு உக்காந்தபடி இருந்தார், நாங்க பாக்கறப்போ. பக்கத்துல பனி அமுங்கியிருந்தது. இன்னொரு ஆள் உக்காந்து எழுந்து போன மாதிரி."

வெளியே தாழ்வாரத்தில் யாரோ தட்டுகளை அடுக்கினார்கள்.

அடுத்த நவம்பரில் வீட்டில் அலமாரிக் கதவு திறக்கத் தொடங்கியது என்றார் மியூரியல். துப்பாக்கி வைக்கும் அலமாரி. அவர் மூடுவார், அது திறந்திருக்கும். மாடியில் பெட்டிகளை இழுக்கும் சத்தம். கட்டிலுக்குக் கீழே தேடும் சத்தம். துப்பாக்கியை அனுப்பிவிட்டதையே எவரெட் மறந்துவிட்டார் என்று மியூரியலுக்குப் புரிந்தது. ஒரு நாள் சத்தமாகவே, அது கம்பெனியில் இருக்கிறது எவரெட், இதோ எழுதிக் கேட்கிறேன், பார் என்று சொல்லிவிட்டு, மேசையில் உட்கார்ந்து அந்த இரண்டு வரியை எழுதித் தபாலில் போட்டார். வீடு அமைதியானது. அடுத்த நவம்பர் வரைக்கும். அப்படியே வருடா வருடம்.

"நீங்க அனுப்பிட மாட்டீங்கன்னு தெரியும். அந்த நம்பிக்கையிலதான் எழுதினேன்," என்றார். "ரெண்டாயிரத்து ஒன்பதோட முடிஞ்சது. அந்தக் குளிர்காலம் என்னை இங்க கொண்டுவந்துட்டாங்க."

லோர்னா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "மிஸஸ் க்ரோவல், அதுக்கப்புறமும் வந்துச்சு. ஒரு வருஷம்கூட விடலை. இது போன வாரம் வந்தது."

ஜார்ஜியாவுக்குப் போன கடிதத்தை நீட்டினாள். மியூரியல் போர்வைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தார். விரல்கள் வேர்களைப்போல முறுக்கிக்கொண்டு உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன. ஒரு தேக்கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாத கைகள். லோர்னா தாளை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். மியூரியல் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"என் எழுத்துதான்," என்றார். "அந்த 'y'யோட வாலைப் பாரு, அது நான் போடறது." பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அப்போ அவர் எழுதக் கத்துக்கிட்டார்."

அந்தக் கிழிந்த தாளும், குத்திக் குத்தி எழுதிய எழுத்துகளும் லோர்னாவின் நினைவுக்கு வந்தன. அவள் அதைப் பற்றி மியூரியலிடம் சொல்லவில்லை. மியூரியலின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அது பயத்தில் வந்த நீர் என்று லோர்னாவுக்குத் தோன்றவில்லை. மியூரியல் வீட்டில் விட்டுப்போன பழைய கணக்கு நோட்டுகளைப் பார்த்துப் பார்த்து, காலியான வீட்டில் உட்கார்ந்து, ஒரு மனிதன் எழுத்துப் பழகியிருக்கிறான்.

மியூரியல் கதவுப் பக்கம் இருந்த பெட்டியைப் பார்த்தார். துப்பாக்கியைக் கொடுக்கக் கூடாது, உடைத்துவிடுங்கள், வாரிசு நான்தான், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் காட்டு, எவரெட் மாதிரி ஒரு பெருக்கல் குறி போடுகிறேன் என்றார். லோர்னா படிவத்தை நீட்டினாள். இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பேனாவை இடுக்கி ஒரு குறி போட்டார். நர்ஸ் ஒருத்தி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

"இத்தனை வருஷம் அவருக்கு ஒருத்தரும் பதில் போடலை," என்றார் மியூரியல். "தாள் வச்சிருக்கியா? நான் சொல்றேன், எழுது."

லோர்னாவிடம் லேத்ரப் என்று தலைப்பில் அச்சடித்த பழைய கம்பெனித் தாள்தான் இருந்தது. அதில் எழுதினாள். "எவரெட், அது இங்கேயும் இல்லை, எங்கேயும் இல்லை. நீதான் கொடுக்க வேண்டாம் என்று சொன்னாய். உன் பேச்சைத்தான் கேட்டார்கள். லைல் வெளியே நிற்கிறான். தம்பியைப் பார்க்கப் போக அது எதற்கு? சும்மா போ. நான் வர அதிக நாள் ஆகாது. மியூரியல்."

பெட்டியை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு, கடிதத்தோடு மார்லோ நாட்ச் போனாள். க்ரோவல் வீட்டுக்குப் போகும் சாலையில் பாதிவரைதான் பனி தள்ளியிருந்தார்கள். மீதியை லோர்னா நடந்தாள். மதியம் இரண்டு மணி, காற்றே இல்லை. வீடு இருந்த இடத்தில் புகைபோக்கி மட்டும் நின்றது, மேலே ஒரு முழம் பனியோடு. வேலிக் கம்புகள், கல்சுவர், எல்லாவற்றின்மேலும் ஒரே அளவுப் பனி. சாலையோரத் தபால்பெட்டிமேல் மட்டும் பனி இல்லை. யாரோ கையால் துடைத்துவிட்டதுபோல் தகரம் சுத்தமாக இருந்தது. சுற்றிலும் அவளுடைய காலடியைத் தவிர வேறு காலடி இல்லை.

கடிதத்தை உள்ளே வைத்து மூடியைச் சாத்தினாள். நிமிர்ந்தபோது, வயலுக்கு அந்தப் பக்கம், மரங்களுக்கு முன்னால் சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் நிற்பது தெரிந்தது. வேட்டைக் காலம், யாராவது வேட்டைக்காரராக இருக்கலாம். ஆனால் இப்போது எல்லோரும் ஆரஞ்சு நிறம்தான் போடுகிறார்கள், அது சட்டம். கையில் எதுவும் இல்லை. வீடு இருந்த பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். லோர்னா கையை உயர்த்திக் காட்டினாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது. அவர் அசையவில்லை.

அவள் திரும்பி நடந்தாள். ஓடக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வண்டியைப் பார்த்தபடியே நடந்தாள். பாதி தூரத்தில் பின்னால் தபால்பெட்டி மூடி திறக்கும் சத்தம் கேட்டது. குளிரில் கிறீச்சென்று இழுபட்டது. கொஞ்ச நேரம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு. பிறகு மூடும் சத்தம். அவள் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தி, திரும்பிப் பார்க்காமல் கிளப்பினாள். திரும்பும் வழியில் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

திங்கட்கிழமை ஸ்டாஷ் முகக்கவசம் போட்டுக்கொண்டு, சட்டம் சொல்லும் மூன்று இடங்களில் அந்தத் துப்பாக்கியைக் கேஸ் டார்ச்சின் தீயால் வெட்டினான். வெட்டியவற்றை ஆறவைத்து லோர்னா எடை போட்டாள். பதிவேட்டில் போக்கு என்ற கட்டத்தில், உரியவரின் வேண்டுகோள்படி அழிக்கப்பட்டது என்று எழுதினாள். எந்த உரியவர், எந்த வேண்டுகோள் என்று பர்விஸ் கேட்கவில்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி முட்டிமேல் வைத்துக்கொண்டார். பிறகு, ஜார்ஜியாவில் எங்களுக்கும் ஒரு கூண்டு இருக்கப் போகிறது, நீங்கள் வந்து பார்த்துக்கொள்வீர்களா மேடம் என்று கேட்டார். ஆட்கள் வேண்டாம் என்று சொன்ன கம்பெனி அழைத்துக்கொண்டது லோர்னாவையும், ஸ்டாஷையும், இன்னும் ஆறு பேரையும்.

மியூரியல் பிப்ரவரியில் தூக்கத்தில் போய்விட்டார். ஊர் அலுவலகத்துப் பெண்மணி போன் செய்து சொன்னாள். உறைந்த மண் இளகிய பிறகு, மே மாதத்தில், எவரெட்டுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்களாம்.

ஜார்ஜியாவில் நவம்பரிலும் மக்கள் அரைக்கைச் சட்டையோடு திரிகிறார்கள் என்பது லோர்னாவுக்கு ரொம்ப நாள் அதிசயமாக இருந்தது. அவித்த வேர்க்கடலை அவளுக்குப் பிடிக்கவில்லை, பிடித்ததாகச் சொன்னாள். புது லேத்ரப் ரைஃபிள்கள் வரிசையாக வெளியே வரத் தொடங்கியிருந்தன. ஒவ்வொன்றையும் பர்விஸ் லீவரை இழுத்துத் தள்ளிக் கேட்ட பிறகுதான் பெட்டிக்கு விட்டார். அந்த முதல் நவம்பர் முழுக்க, தபால்பெட்டியை வேறு யாரும் திறப்பதற்கு முன்னால் லோர்னா போய்த் திறந்தாள். கடிதங்கள் வந்தன. ஓஹையோவிலிருந்து, ஐடஹோவிலிருந்து, மொன்டானாப் பல் டாக்டரிடமிருந்தும் ஒன்று. வெர்மான்டிலிருந்து எதுவும் இல்லை. மாதக் கடைசி நாள் பர்விஸ் அவள் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"ஒண்ணும் இல்லையே, மேடம்?"

"ஒண்ணும் இல்லை, டேல்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். லோர்னா பல் டாக்டரின் கடிதத்தைப் பிரித்தாள். இந்தத் தடவை நாலு பக்கம். சத்தம் இப்போது சரியாக இருக்கிறதாம், அதைச் சொல்லத்தான் எழுதியிருந்தார். அவள் நாலு பக்கத்தையும் படித்துவிட்டு, ஒரு தாளை எடுத்து, அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தாள்.